பேராசிரியர் பதவி உயர்வும் பப்மெட்டில் என் அப்பாவும்

சிஏஎஸ் (கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான பதவி உயர்வுத் திட்டம்) வழியாகப் பேராசிரியர் ஆவதற்கான என் ஃபைல் ஒருவழியாக ஸ்கிரீனிங் கமிட்டிக்குப் போய்விட்டது. மருந்துக்கு அடங்காத புற்றுநோய்ச் செல்களோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த ஆராய்ச்சியைச் செய்தது நான்தான் என்று எங்கள் அலுவலக செக்‌ஷனில் நிரூபித்ததில் வந்த தலைவலி அங்கேகூட வந்ததில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறை தெரிந்ததுதான். பேராசிரியராக 10 கட்டுரைகளும் 110 ஆய்வு மதிப்பெண்ணும் வேண்டும். இரண்டும் தாராளமாகவே இருந்தன. படிவம், பணிப்பதிவேட்டு நகல், துறைத் தலைவர் கையெழுத்து எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

முதல் ஆட்சேபம் பெயரில் வந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கட்டுரை அனுப்பும் தளங்களோ 'லாஸ்ட் நேம்' கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. ஓர் இதழ் இனிஷியலை ஏற்றுக்கொண்டது, இன்னொன்று அப்பா பெயரை முழுதாகக் கேட்டது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையப் பட்டியலான பப்மெட்டில் கடைசிப் பெயர் முன்னால் வரும், மற்றது முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். அதனால் என் கட்டுரைகளில் பாதி என் பெயரில் இருக்கின்றன, மீதி அப்பா பெயரில். அவர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஏன் வேலை செய்யாமல் போகிறது என்பது பற்றி அவர் பெயரில் கட்டுரைகள், அவற்றுக்கு மேற்கோள்கள் வேறு. விஷயத்தைச் சொன்னபோது அவருக்குப் பெருமைதான்.

செக்‌ஷன் உதவியாளருக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை. "இது உங்க பேப்பர் இல்லையே மேடம், வேற யாரோ பேர் இருக்கு" என்றார். பான் கார்டில் அப்பா பெயரைக் காட்டினேன். "அது உங்க அப்பா பேருன்னுதானே போட்டிருக்கு, உங்க பேருன்னு இல்லையே." அவர் சொன்னதும் சரிதானே! இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கிவரச் சொன்னார். கொண்டுபோனால், அதில் கட்டுரைத் தலைப்புகள் இல்லை என்று திருப்பிவிட்டார். மறுபடியும் நோட்டரி. 'அப்போப்டோசிஸ்' (செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது) என்ற சொல்லை டைப்பிஸ்ட் அண்ணனுக்கு எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் கைகொடுத்தது அந்தப் பத்திரம் அல்ல, கட்டுரைகளையும் மேற்கோள்களையும் கணக்கு வைக்கும் ஸ்கோபஸ் தளம். அங்கேயும் என் கட்டுரைகள் வெவ்வேறு ஆசிரியர் எண்களின் கீழே பிரிந்து கிடந்தன. ஆராய்ச்சியாளரை அளக்கும் எச்-இண்டெக்ஸ் என்ற எண்ணுக்கு இது பெரிய அடி. 12 என்று வர, தலா 12 மேற்கோளாவது பெற்ற 12 கட்டுரைகள் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். கணக்கு இரண்டாகப் பிரிந்தால் இரண்டு சின்ன எண்தான் கிடைக்கும், அவற்றைக் கூட்டிக்கொள்ளவும் முடியாது. ஒன்றாக்கச் சொல்லி இணையத்திலேயே கோரிக்கை வைக்கலாம், காசு கிடையாது. எனக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். சேர்ந்த பக்கத்தில் 'பிற பெயர் வடிவங்கள்' என்ற இடத்தில் என் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருந்தன. அந்த பிரிண்ட் அவுட்டைக் கொடுத்ததும் உதவியாளர் பென்சிலால் அடிக்கோடு போட்டுவிட்டு, "இத முதல்லயே கொண்டுவந்திருக்கலாமே மேடம்" என்றார்.

இப்போதுதான் எழுதத் தொடங்குகிறீர்கள் என்றால், முதல் கட்டுரைக்கு முன்பே ஆர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண் வாங்கிவிடுங்கள். 16 இலக்கம், இலவசம். பெயரை எப்படித் திருப்பிப் போட்டாலும் எண் மாறாது.

அப்புறம் இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்ற எண். 'தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியல்படி' என்று விதிமுறையில் இருக்கிறது. அந்த நிறுவனம் 2016-லேயே அந்தப் பிரிவை விற்றுவிட்டது, இப்போது பட்டியலை வெளியிடுவது கிளாரிவேட். என் பிரிண்ட் அவுட்டிலும் கிளாரிவேட் என்றுதான் இருந்தது. "ரூல்ல இந்தக் கம்பெனி பேரே இல்லையே?" என்றார் உதவியாளர். விதிமுறை 2018-இல் வந்தது, விற்பனை அதற்கு முன்பே நடந்தது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நூலகர் லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி சீல் வைத்துக் கொடுத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

இன்னொன்று, கட்டுரை வந்த ஆண்டின் எண்ணா, இப்போதைய எண்ணா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2-க்கும் 5-க்கும் இடையில் என்றால் 20 மதிப்பெண், 1-க்கும் 2-க்கும் இடையில் இறங்கினால் 15. என் இதழ் ஒன்று இடையில் இறங்கிவிட்டது, செக்‌ஷன் இப்போதைய எண்ணைத்தான் எடுத்துக்கொண்டது. இதழின் எண்ணை வைத்து ஆளை அளக்காதீர்கள் என்று சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் சொல்கிறது. அதை செக்‌ஷனில் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

மேற்கோள் எண்ணிக்கைக்கு கூகுள் ஸ்காலர் பக்கத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வரும் முன்பே இணையத்தில் போடும் வடிவம்) எல்லாவற்றையும் எண்ணுவதால் அங்கே பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும். நம்மை நாமே மேற்கோள் காட்டியதைக் கழித்துத் தரச் சொன்னால் அதில் வழியும் இல்லை, ஸ்கோபஸில் உண்டு. தானாகச் சேர்க்கும் வசதியையும் நிறுத்திவையுங்கள். என் பக்கத்தில் யாரோ எழுதிய நிலக்கடலைக் கட்டுரை ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது.

இன்னும் எரிச்சல் தீராத விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பேருக்கு மேல் எழுதிய கட்டுரையில் முதல் ஆசிரியருக்கும் தொடர்பு ஆசிரியருக்கும் (இதழோடு கடிதத் தொடர்பு வைப்பவர்) மதிப்பெண்ணில் தலா 70 சதவீதம், மற்றவர்களுக்குத் தலா 30. எங்கள் துறையில் ஒரு கட்டுரைக்குப் பத்துப் பேர் சர்வசாதாரணம், முதல் இரண்டு பெயருக்கும் நட்சத்திரக் குறி போட்டு 'சமப் பங்களிப்பு' என்பதும் வழக்கம்தான். என் முக்கியமான கட்டுரையில் நான் இரண்டாவது நட்சத்திரம். குறிக்கான விளக்கம் அந்த இதழில் கடைசிப் பக்கத்தில் வருகிறது. படிவத்தில் கேட்பது முதல் பக்க ஜெராக்ஸ். கடைசிப் பக்கத்தையும் வைத்தேன். "கேக்காததை வைக்கக்கூடாது மேடம்" என்று உருவிக் கையில் கொடுத்துவிட்டு 30 போட்டார். சூப்பரண்டிடம் போனேன். "110 தாண்டிடுச்சுல்ல, விடுங்களேன்" என்றார்.

விடவில்லை. தனி மனுவாக எழுதி, கடைசிப் பக்கத்தை இணைத்து, தபால் பிரிவில் கொடுத்து நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். கமிட்டி கூடும் நாளில் அந்த நகல் என் கையில் இருக்கும்.