மை ஓடும் பாதைக்கும் காப்புரிமை உண்டு

காட்பாடியில் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, மெஷினுக்குத்தானே பேட்டண்ட் தருவாங்க, செய்யுற முறைக்குமா?" முறைக்கும் காப்புரிமை (பேட்டண்ட்) உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இங்க்ஜெட் பிரிண்டரின் ஹெட், அதாவது காகிதத்தில் மையைத் துளித்துளியாகத் தெளிக்கும் பாகம்.

அதிலுள்ள துளைகள் தலைமுடியைவிடச் சிறியவை. பின்னால் மை ஓடும் வாய்க்கால்களை எப்படிக் குடைவது? ஒரு முறையில் குடைவதே இல்லை. சிலிக்கான் தகட்டில் வாய்க்காலின் வடிவிலேயே கரையக்கூடிய பிசினைப் படிய வைத்து, மேலே வேறொரு பிசினைப் பூசி, துளை திறந்து, அப்புறம் அடியில் இருப்பதைக் கரைத்து எடுத்துவிடுகிறார்கள். மெழுகை உருக்கி வெளியேற்றிச் சிலை வார்க்கும் நம் ஸ்தபதிகளின் வழிதான். படித்தபோது சிலிர்த்துவிட்டது.

இப்படிப்பட்ட விண்ணப்பத்தில் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் ஒவ்வொரு படியையும் அதன் வரிசையையும் பார்ப்பார். எல்லாம் பழைய ஆவணம் ஒன்றிலேயே இருந்தால் புதுமை இல்லை. இரண்டு ஆவணங்களைச் சேர்த்தால் துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றிவிடும் என்றாலும் ஆட்சேபணை வரும். அங்கேதான் உண்மையான போராட்டம். வரிசையை மாற்றியதால் துளையின் அளவு பிசகாமல் வருகிறது என்று அளவீடுகளோடு காட்டினால் வாதம் நிற்கும்.

நம் நாட்டில் பரிசோதகர் ஆட்சேபணைகளை எழுதி அனுப்பும் முதல் பரிசோதனை அறிக்கைக்குப் பதில் தர 6 மாதம் அவகாசம். காப்புரிமை கிடைத்தால் அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு செல்லும்.

ராணிப்பேட்டை, ஆம்பூரில் தோல் பதனிடப் புது முறை கண்டுபிடிப்பவர்களுக்கும் இதே சட்டம்தான். தயவுசெய்து, விண்ணப்பிக்கும் முன்பே செய்முறையை வீடியோ எடுத்துப் போட்டுவிடாதீர்கள்; அந்த வீடியோவே புதுமை இல்லை என்பதற்குச் சான்றாகிவிடும்.