பண்டிகை நாளும் தேர்வுத் தேதியும்

2025 ஜனவரி 3 முதல் 16 வரை, கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வாகிய யுஜிசி நெட் நடக்கும் என்று தேசியத் தேர்வு முகமை அறிவித்த அட்டவணைக்குள் பொங்கல் விடுமுறை நாட்களும் அடங்கியிருந்தன. தமிழக முதல்வர் ஒன்றியக் கல்வி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் மாட்டுப் பொங்கலான 15ஆம் தேதித் தேர்வு மட்டும் தள்ளிவைக்கப்பட்டது. 16ஆம் தேதி, உழவர் திருநாளன்று தேர்வு நடக்கத்தான் செய்தது. தள்ளிவைக்கும் அறிவிப்பு வந்ததோ ஜனவரி 13, போகியன்று. அந்தப் பொங்கல் ரயில்களுக்கு 120 நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கி உடனே தீர்ந்துவிட்ட நிலையில், தேர்வை நம்பி விடுதியிலேயே தங்கிவிட்ட ஆய்வு மாணவருக்கு அந்த அறிவிப்பால் என்ன பயன்? தை முதல் நாள் எந்தத் தேதியில் வரும் என்பது முந்தைய ஆண்டே அரசு விடுமுறைப் பட்டியலில் அச்சாகிவிடுகிறது. அட்டவணை போடும்போது அதை எடுத்துப் பார்த்திருந்தால் போதும்.

ரமலானின் சிக்கல் வேறு. பிறைக் கணக்கில் அமைந்த அந்த மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்கிறது. பெருநாள் எது என்பதும் முந்தைய இரவில் பிறை பார்த்த பிறகே உறுதியாகிறது. ஆகவே ஒரு தேதியை மட்டும் விட்டுவைத்தால் போதாது. மார்ச் மாத வெயிலில், விடியலுக்கு முன் சஹர் உணவு உண்ட மாணவி, அதன் பிறகு ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லாமல் பிற்பகல் தேர்வை எழுதி 5 மணிக்கு விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிறார். தேர்வே வேண்டாம் என்று இவர்கள் யாரும் கேட்பதில்லை. காலை வேளையில் வையுங்கள் என்று மட்டுமே கேட்கிறார்கள். இதைக்கூடச் செய்து தராத கல்லூரிகள் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

வருகைப்பதிவு இன்னொரு தொல்லை. உடல்நலக் குறைவுக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் விலக்குக் கிடைக்கிறது, வழிபாட்டுக்காக எடுத்த விடுப்புக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதனால் புனித வெள்ளிக்கு முந்தைய நாளான பெரிய வியாழனன்று தேவாலயத்துக்குப் போன பிள்ளை காய்ச்சல் என்று சான்றிதழ் வாங்கி வருகிறது. உண்மையைச் சொன்னால் தண்டனை, பொய் சொன்னால் மன்னிப்பு என்று ஒரு கல்வி நிலையமே பழக்கிவிடலாமா? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலக் கல்விச் சட்டத்தில், சமய நம்பிக்கையின் காரணமாகத் தேர்வுக்கு வர இயலாத மாணவருக்குக் கட்டணம் எதுவும் வாங்காமல் மாற்று வாய்ப்புத் தர வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நம்மிடம் உள்ளது பேராசிரியரின் நல்ல மனம் மட்டுமே; அவர் மாறினால் சலுகையும் போய்விடும்.

எங்கள் துறையில் இப்போது செமஸ்டர் தொடங்கும் வாரத்திலேயே மாணவர்களிடம் அவரவர்க்கு வேண்டிய நாட்களைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு இரண்டாவது வினாத்தாளையும் அப்போதே தயாரித்து வைக்கிறோம். பல்கலைக்கழகத் தேர்வுகளின் தேதி எங்கள் கையில் இல்லாததால், அவற்றுக்கும் இதே முறையை விதியாக்கக் கோரி கல்விக் குழுவுக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்திருக்கிறோம்.