கீழாநெல்லி தட்டிக்கொண்டு போன பெயர்

காரைக்குடிப் பக்கம் ஒருவருக்கு மஞ்சள் காமாலை என்றால், டாக்டரிடம் போவதற்குள் கீழாநெல்லி அரைபட்டுவிடும். மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். எண்ணெய் கூடாது, காரம் கூடாது. செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு நோயை விட அந்தப் பத்தியம்தான் கொடுமை.

போன வருஷம் என் அயித்தைக்குக் கண்புரை ஆபரேஷனுக்காக ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் வழியாகத் தொற்றிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு ஆன்டிபாடி பாசிட்டிவ், அதாவது அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருள் ரத்தத்தில் இருக்கிறது. வீடே கலங்கிவிட்டது. அப்புறம் வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால், ரத்தத்தில் வைரஸே இல்லை! இத்தனைக்கும் அவர் அதற்கு ஒரு மாத்திரை கூடச் சாப்பிட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கர்ப்பப்பை ஆபரேஷனின்போது அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். அடுத்த ஓரிரு மாதத்தில் காமாலை. இந்த வைரஸை அடையாளம் கண்டதே 1989இல்தான். நம் நாட்டு ரத்த வங்கிகளில் சோதனை கட்டாயமானது 2001இல். அப்போது தொற்றித் தானாகவே போயிருக்கலாம் என்றார் டாக்டர்.

"கீழாநெல்லிதான் ஆத்தா காப்பாத்துச்சு" என்கிறார் அயித்தை.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தத் தொற்று வந்த நூறு பேரில் 15 முதல் 45 பேருக்கு, சிகிச்சை இல்லாமலே ஆறு மாதத்துக்குள் வைரஸ் போய்விடுகிறது. ஆண்களை விடப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். ஐ.எல்.28பி என்ற மரபணு எந்த வகை என்பதைப் பொறுத்தும் வாய்ப்பு மாறும் என்று 2009இல் தெரியவந்தது. எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு குறையும். முக்கியமான விஷயம், தொடக்கத்திலேயே காமாலை கண்டவர்களுக்குத்தான் வைரஸ் அதிகம் ஒழிகிறது. நம் எதிர்ப்பு சக்தி வைரஸ் புகுந்த கல்லீரல் செல்களை மூர்க்கமாக அடிப்பதால் வரும் மஞ்சள் அது. ஆக, கீழாநெல்லி குடித்தவர்களே பிழைக்க வாய்ப்புள்ளவர்கள்தான். ஊரில் காணும் காமாலையில் பெரும்பகுதி கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, இ வகை. அவையும் பெரும்பாலும் தானே சரியாகும். பச்சிலைக்குப் பெயர் கிடைக்காமல் என்ன செய்யும்?

எனக்குக் கவலை, மஞ்சளே காட்டாதவர்களைப் பற்றி. இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் இருந்து கல்லீரல் சுருங்கிய பிறகுதான் தெரியவரும். ஆர்.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் தானாகப் போகும் என்று காத்திருக்கக் கூடாது. பெரும்பாலும் 12 வார மாத்திரை. நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

வைரஸ் போனாலும் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றே பெரும்பாலும் காட்டும். அதனால் அயித்தையின் ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை ஆதார் அட்டையோடு வைத்திருக்கிறோம். ஒருமுறை போனது மறுபடி தொற்றாது என்றும் இல்லை. ஊசி போடப் போனால் புது ஊசியா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறார், கொஞ்சம் அதட்டலாகவே.