லைட் அறை நாட்குறிப்பு: ராத்திரி வரும் எரிச்சல்

ஜூன் 3, 2024, திங்கள்

சோரியாசிஸ், வெண்புள்ளிக்கு வைக்கும் 311 நானோமீட்டர் நேரோபேண்ட் யுவிபி (ஒரு வகை புற ஊதாக் கதிர்) லைட், லைட் பெட்டிக்குள் நிற்கும்போது வலிக்காது. வெதுவெதுப்புதான் தெரியும். எரிச்சல் வீட்டுக்குப் போன பிறகு ஆரம்பித்து, 24 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அதனால் "இப்ப வலிக்குதா?" என்ற கேள்வியால் பயனில்லை. "போன தடவை அன்னிக்கு ராத்திரி எப்படி இருந்துச்சும்மா? துணி உரசினா சுருக்குன்னுச்சா? எப்பச் சரியாச்சு?" இதற்குப் பதில் வாங்காமல் டோஸைக் கூட்டவே கூடாது.

ஜூன் 5, புதன்

மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு கண்ணுக்குச் சிக்காது. புறங்கையை வைத்துப் பாருங்கள்: சூடு தெரியும், லேசாக அழுத்தினால் முகம் சுளிப்பார்கள். வெண்புள்ளியில் மட்டும் இளஞ்சிவப்பு பளிச்சென்று தெரியும்.

லேசாகச் சிவந்து மறுநாளே மறைந்திருந்தால் அதே டோஸ். தொட்டால் வலித்தால் அன்றைக்கு லைட் கிடையாது. முழுக்க அடங்கிய பிறகு, டாக்டரைக் கேட்டுப் பாதியில் தொடங்க வேண்டும். 400 மில்லிஜூல் (தோலின் ஒரு சதுர சென்டிமீட்டரில் படும் லைட்டின் அளவு, அதுதான் டோஸ்) எரித்திருந்தால் 200. வலியைப் பொறுத்தால் சீக்கிரம் குணமாகும் என்று மறைப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. வெந்த தோல் ஆறும்வரை சிகிச்சைதான் தள்ளிப்போகும்.

ஜூன் 7, வெள்ளி

லைட் பெட்டியில் டியூப் மாற்றிய வாரம் ஆபத்தான வாரம். பழைய டியூப் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.5 மில்லிவாட் தந்திருந்தால் 300 மில்லிஜூலுக்கு 120 நொடி. புது டியூப் 5 தந்தால் 60 நொடி போதும். கார்டில் நொடியை மட்டும் எழுதி வைத்திருந்தால் டோஸ் இரட்டிப்பாகிவிடும். மில்லிஜூலை எழுதுங்கள், மீட்டரில் அளந்து நொடியைக் கணக்குப் போடுங்கள்.

ஜூன் 10, திங்கள்

இடுப்பில் மட்டும் பட்டையாக வெந்திருந்தால் உள்ளாடையைக் கேளுங்கள். இத்தனை நாள் மூடியிருந்த தோல், சின்ன ஜட்டி போட்டதும் முழு டோஸை முதல்முறையாக வாங்கியிருக்கும். தினமும் ஒரே அளவு உள்ளாடைதான் சரி. சாலிசிலிக் களிம்பும் இப்படித்தான்: லைட்டை மறைக்கும், தடவாமல் வரும் நாளில் சுடும். லைட்டுக்கு முன் அது வேண்டாம். லைட் பட்டால் தோலைச் சீக்கிரம் எரிய வைக்கும் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை புதிதாகச் சாப்பிடுகிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

வெந்த இடத்தில் பச்சைத் தண்ணீரில் நனைத்த பழைய வேட்டித் துணியை 15 நிமிடம் போடலாம். ஐஸை நேராக வைக்கக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால், ஸ்டீராய்டு களிம்பு டாக்டர் எழுதினால் மட்டும். கொப்புளத்தை உடைக்காமல் அன்றே காட்ட வேண்டும்.