கேஸ் மார்க் 3-உம் என் ஓவனின் குமிழும்

மூன்று முறை நடுவில் பிளந்து, மேலே கருகி, உள்ளே மாவாகவே நின்ற பழக் கேக், நான்காம் முறை, சென்ற ஞாயிற்றுக்கிழமை, ஒழுங்காக வந்துவிட்டது. செய்முறை பிரிட்டனில் அச்சானது. அதில் வெப்பநிலை, அந்நாட்டு கேஸ் ஓவன்களின் குமிழில் உள்ள எண்ணாக, ‘கேஸ் மார்க் 3’ என்று மட்டுமே இருந்தது.

மார்க் 1 என்பது 275 டிகிரி ஃபாரன்ஹீட். அதன்பின் எண்ணுக்கு 25 டிகிரி கூடும். ஆகவே மார்க் 3 என்பது 325, அதாவது ஏறக்குறைய 163 செல்சியஸ். இந்தக் கணக்கையே சந்தேகித்து இரண்டு கேக்குகளை வீணாக்கினேன். உண்மையில் கேக்குக்கு வேண்டிய அளவுகளில் செல்சியஸுக்கு மாற்ற ஃபாரன்ஹீட்டைப் பாதியாக்கினாலே போதும்: 320-இல் விடை மிகச் சரியாக இருக்கும், 350-இல் இரண்டு டிகிரிக்குள் குறையும், 425-இல்தான் ஆறு டிகிரி அளவுக்கு விலகும்.

பிழை குமிழில் இருந்தது. சர்க்கரை 186 செல்சியஸ் வாக்கில் உருகும் என்பதால், ஃபாயிலைச் சிறு கிண்ணமாக மடித்து, ஒரு தேக்கரண்டி சர்க்கரையிட்டு, குமிழை 180-இல் வைத்த ஓவனின் நடுத்தட்டில் கால் மணி நேரம் விட்டேன். உருகக் கூடாத சர்க்கரை ஓரங்களில் தேன் நிறமாகி, நடுவிலும் கண்ணாடிபோல் இளகியிருந்தது. குமிழை 160-க்கு இறக்கி, புதிய சர்க்கரையுடன் மீண்டும் பார்த்தபோது, போட்ட வெள்ளை அப்படியே இருந்தது. பிறகு வாங்கிய ஓவன் வெப்பமானியின் முள், அதே 160-இல், ஓவனைச் சூடேற்றும் கம்பி அணைந்து எரியும்போதெல்லாம் 172-க்கும் 184-க்கும் இடையே ஊசலாடியது. சராசரியாக 178, என் ஓவன் குமிழில் காட்டுவதைவிட 18 டிகிரி கூடுதலாகவே கொதிக்கிறது! இப்போது 145-இல் வைத்தால்தான் எனக்கு 163 கிடைக்கிறது.

அந்த வெப்பமானியை வாங்கிய கடையில் முதலில் காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்து நீட்டினார்கள் என்பதையும், தட்டில் தொங்கவிடும் கொக்கி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்; நிற்கும் வகை என் கம்பித் தட்டில் இருமுறை கவிழ்ந்தது.

அடுத்து, ஓவனுக்குள் இருக்கும் விசிறியைப் போட்டால் 20 டிகிரி குறைக்க வேண்டும் என்ற வழக்கமான விதி இந்த ஓவனுக்குப் பொருந்துகிறதா என்று சர்க்கரையை வைத்தே பார்க்கப் போகிறேன். கேக்கை இன்னும் வெட்டவில்லை. இரண்டு நாள் ஊறட்டும்.