இரண்டு நாள் கோலாலம்பூர், இருபது நாள் அலைச்சல்

இன்னும் எரிச்சல் தீரவில்லை. அதனால் நடந்த வரிசையில் இல்லாமல், வயிறு எரிந்த வரிசையில் சொல்கிறேன்.

காரைக்குடியிலிருந்து கோலாலம்பூர் போய்வர எனக்கு மொத்தம் 24,300 ரூபாய் ஆனது. அதில் நாலாயிரம் ரூபாய் சுத்தமான தண்டச்செலவு. அந்த ஊரில் யாரும் என்னை ஏமாற்றவில்லை. இங்கிருந்து கிளம்புவதற்குள் போன காசுதான் பெரும்பகுதி. வெள்ளி ராத்திரி திருச்சியில் ஏறி, சனி விடியற்காலை இறங்கி, ஞாயிறு ராத்திரி திரும்பிவிட்டோம். நானும் என் வகுப்பு நண்பன் ஒருவனும்.

விசா தலைவலி கிடையாது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம், 2026 முடியும்வரை நீட்டித்திருக்கிறார்கள். நான் மாட்டிக்கொண்டது இனிஷியலில்.

நம் ஊரில் பாதிப் பேருக்கு உள்ள வியாதிதான். என் பாஸ்போர்ட்டில் 'கிவன் நேம்' மட்டும் இருக்கிறது, 'சர்நேம்' கட்டம் காலி. செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு டிராவல்ஸ் கடையில் டிக்கெட் போட்டேன். ஆன்லைனில் நானே போட்டிருக்கலாம். ஆனால் என் கார்டு வேலை செய்யவில்லை (ஏன் என்பது பின்னால் வரும், அதுவும் அழகான கதை). வீட்டுக்கு வந்து டிக்கெட்டைப் பார்த்தால் சர்நேம் இடத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்து நிற்கிறது. போன் செய்தேன்.

"சர்நேம் போடாம சைட்டு உள்ளயே விடாது தம்பி. எல்லாருக்கும் இனிஷியல்தான் போடுறோம். ஒண்ணும் ஆகாது."

அந்த விமானக் கம்பெனியின் விதியைத் தேடிப் படித்தேன். ஒற்றைப் பெயர்க்காரர்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போட வேண்டும் என்று தெளிவாக இருந்தது. இனிஷியலோடு ஏறிப் போனவர்களும் உண்டுதான். அது கவுண்டரில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. பன்னிரண்டாயிரம் ரூபாய் டிக்கெட்டை இன்னொருவர் மனநிலையில் அடகு வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

நானே திருத்தலாம் என்று பார்த்தால், கடைக்காரர் தன் ஈமெயிலையும் தன் போன் நம்பரையும் கொடுத்து டிக்கெட் போட்டிருக்கிறார். எனக்கு வந்தது பிரிண்ட் எடுத்த ஒரு தாள் மட்டும். ஆக, அவர் மனசு வைத்தால்தான் உண்டு.

முதல் தடவை போனேன், அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். இரண்டாம் தடவை சர்வர் டவுன். மூன்றாம் தடவை, கடை திறக்கும் முன்பே போய் ஷட்டர் பக்கத்தில் நின்றேன். வந்தார், ஊதுபத்தி கொளுத்தினார், மூன்று சாமி படத்துக்கும் காட்டினார், கம்ப்யூட்டருக்கும் ஒரு சுற்றுக் காட்டினார். அப்புறம் உட்கார்ந்து இரண்டே நிமிடத்தில் திருத்திவிட்டார். இரண்டு நிமிட வேலை! கம்பெனிக்கு 2,300 ரூபாய், சர்வீஸ் சார்ஜ் 500. தப்பு அவருடையது, சர்வீஸும் அவருடையது, சார்ஜ் மட்டும் எனக்கு. கேட்டேன். "ஸ்டூடன்ட்டுங்கிறதால குறைச்சிருக்கேன்" என்றார்.

யாரிடம் டிக்கெட் போட்டாலும் உங்கள் ஈமெயில், உங்கள் நம்பரைக் கொடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் ஸ்கிரீனை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒற்றைப் பெயர் விதி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்து வீட்டு அண்ணன் துபாய் போன கதையை நம்பி இறங்காதீர்கள்.

நண்பனுக்குப் பெயரில் தொல்லை இல்லை, அவனுக்குச் சர்நேம் உண்டு. அவன் ஏமாந்தது வேறு இடத்தில். மலேசியாவுக்குள் போகும் வெளிநாட்டவர் டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒரு படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். இதற்குக் காசு கிடையாது. போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். பத்து நாள் முன்னாலேயே நான் முயன்றபோது தேதியை ஏற்கவில்லை, சரி என்று விட்டுவிட்டேன். நண்பன் விடவில்லை. தேடலில் முதலாவதாக வந்த, கொடியெல்லாம் போட்டு அரசாங்கத் தளம் போலவே இருந்த ஒன்றில் பாஸ்போர்ட் நம்பர் முதல் எல்லாம் கொடுத்து 2,900 ரூபாய் கட்டியிருக்கிறான். வந்தது 'பரிசீலனையில்' என்று ஒரே ஒரு மெயில். செக்-இன் வரிசையில் நின்றபோதுதான் இதை என்னிடம் சொன்னான். அங்கேயே பெட்டி மேல் போனை வைத்து, மலேசியக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் இலவசமாக நிரப்பினோம். ஐந்து நிமிடத்தில் மெயில் வந்துவிட்டது. கட்டிய காசு கட்டியதுதான். அந்தப் படிவத்துக்கு யாராவது காசு கேட்டால் அது போலி, அவ்வளவுதான் அடையாளம்.

பஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து போகிறவர்களுக்கு வசதி, வழியில் இறங்கிக்கொள்ளலாம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது, நாங்கள் ஏறிய பஸ் நடுவில் எங்கும் நிற்காது என்பது. ஜன்னல் வழியாக விமான நிலைய விளக்குகளைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனோம். "ஏறும்போதே கேக்க வேண்டியதுதானே" என்றார் கண்டக்டர். நியாயம்தான். பஸ் ஸ்டாண்டு வரை போய், திரும்ப ஆட்டோ 250 ரூபாய்.

கைப்பை 7 கிலோவுக்கு மேல் கூடாது. அப்பத்தா சீப்புச்சீடை, மணகோலம் என்று செட்டிநாட்டுப் பலகாரம் ஒன்றரைக் கிலோ கட்டிக் கொடுத்திருந்தது. "அங்க நம்ம ஆளுக யாராச்சும் இருப்பாக, குடு" என்றது. தராசு 8.4 காட்டியது. ஜீன்ஸ் பேண்டை அங்கேயே இன்னொன்றின் மேல் போட்டுக்கொண்டேன். சார்ஜர், பவர் பேங்க் சட்டைப் பைக்கு வந்தன. பின்னால் நின்ற திருமயத்துக்கார அண்ணன் ஒருவர் ஒரு பொட்டலத்தைத் தன் பையில் வாங்கிக்கொண்டு, உள்ளே போனதும் திருப்பிக் கொடுத்தார். பாதியை அவரிடமே கொடுத்துவிட்டேன். அப்பத்தா சொன்ன 'நம்ம ஆளு' திருச்சியிலேயே கிடைத்துவிட்டார்.

திருச்சிக் குடியேற்றக் கவுண்டரில் "ரெண்டு நாளைக்கா?" என்று ஒரு பார்வை. கல்லூரி அடையாள அட்டை, திரும்பும் டிக்கெட், அறை பதிவு மூன்றையும் தாளாகவே வைத்திருந்தேன், போனில் தேடவில்லை. அங்கே இறங்கியபோதும் அதே மூன்று தாளும், கையில் இருந்த ரொக்கமும் போதுமாக இருந்தன. விமான நிலையத்திலிருந்து நகருக்கு விரைவு ரயில் 55 ரிங்கிட், பஸ் 15. ஒரு ரிங்கிட் நம் காசில் இருபது ரூபாய்க்கு மேல். எதில் போனோம் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்தக் கார்டு.

ஆளுக்கு 250 ரிங்கிட் ரொக்கமாக மாற்றிக்கொண்டு போயிருந்தோம், மீதிக்குக் கார்டு இருக்கிறதே என்று. சைனா டவுன் பக்கம் இருவருக்குமாக ஒரு சின்ன அறை. முன்பணம் கட்டவில்லை. அறை 90 ரிங்கிட், வெளிநாட்டவருக்குச் சுற்றுலா வரி ஓர் இரவுக்கு 10, சாவிக்கு வைப்புத்தொகை 50. வரியும் வைப்புத்தொகையும் எங்கள் கணக்கிலேயே இல்லை. கார்டைக் கொடுத்தேன். மறுத்தது. மறுபடி செருகினாள் விடுதிக் கவுண்டரில் இருந்த பெண். மறுபடி மறுத்தது. நண்பனுடையதும் அப்படியே. ரொக்கமாகக் கட்டினோம். பக்கத்து ஏடிஎம்மிலும் அதே பதில்தான்.

விஷயம் இதுதான். ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் ஆன்லைன் பயன்பாடும் மூடியேதான் வரும். நாமாகத் திறக்க வேண்டும். ஊரில் டிக்கெட் போட முடியாமல் போனதும் இதனால்தான். அப்போதே யோசித்திருந்தால் அந்த டிராவல்ஸ் வாசலையே மிதித்திருக்க மாட்டேன்.

சரி, ஆப்பில் திறந்துவிடலாம் என்று விடுதியின் வைஃபையில் உட்கார்ந்தேன். 'வெளிநாட்டுப் பயன்பாடு' பொத்தானை நகர்த்தினேன். 'உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டது.' எந்த எண்ணுக்கு? ரோமிங் இல்லாத என் பிரீபெய்டு சிம்முக்கு. சிக்னல் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. முப்பது விநாடி ஓடியது, முடிந்தது. மறுபடி அனுப்பு. மறுபடி முப்பது. மூன்றாம் தடவைக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்து முயலச் சொன்னது ஆப்.

நண்பன் படுத்துவிட்டான். நான் படியில் உட்கார்ந்து மணகோலம் தின்றுகொண்டே யோசித்தேன். சிம் என்னிடம் இருக்கிறது. ரீசார்ஜை யார் வேண்டுமானாலும் செய்யலாமே! அக்காவை வாட்ஸப்பில் கூப்பிட்டேன். பின்னணியில் மிக்ஸி ஓடியது. "மலேசியாவுலேர்ந்தா பேசுற? எனக்கு என்ன வாங்கியிருக்க?" என்றாள். என் நம்பருக்கு ரோமிங் பேக் போடு, 650 ரூபாய்க்குள் பார் என்றேன். திட்டிக்கொண்டே போட்டாள். போனை அணைத்துப் போட்டேன். ஒன்றும் இல்லை. நெட்வொர்க்கைத் தானாகத் தேடாமல், பட்டியலிலிருந்து கையால் ஒவ்வொன்றாகத் தேர்ந்தேன். மூன்றாவதில் ஒட்டியது. அடுத்த நொடி, முதலில் கேட்ட மூன்று ஓடிபியும் வரிசையாக வந்து விழுந்தன, காலாவதியாகி. நாலாவது உயிரோடு வந்தது. ஏடிஎம்மில் 100 ரிங்கிட் எடுத்தேன். வங்கிக் கட்டணம் 300 ரூபாய் போனது. போகட்டும் என்று இருந்தது.

ஊரில் இருக்கும்போதே கார்டைத் திறந்துவிடுங்கள். குறுஞ்செய்தி வரும் அளவுக்காவது சிம்மில் ரோமிங் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் பத்து நிமிடம் போதும். எனக்குச் சனிக்கிழமை மதியம் முழுக்கப் போனது.

மற்றபடி ஊர் அருமை. பத்து மலை முருகன் கோவிலுக்கு நகரத்திலிருந்தே கொம்யூட்டர் ரயில் போகிறது, மூன்று ரிங்கிட்கூட ஆகாது. ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். 272 படி. அப்பத்தாவுக்கு வீடியோவில் காட்டினேன். "நம்ம குன்றக்குடி மாதிரி வருமா" என்று முடித்துவிட்டது. இரட்டைக் கோபுரத்தைக் கீழே நின்று பார்த்தோம், அண்ணாந்து பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. மூன்று வேளையும் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ, சீப்புச்சீடை.

லெபோ அம்பாங் தெருவுக்கு மட்டும் நான் வேண்டுமென்றே போனேன். மஸ்ஜித் ஜாமேக் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். நம் பக்கத்து நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போய், கிட்டங்கி (தங்குமிடமும் கடையும் சேர்ந்த கட்டிடம்) வைத்து வட்டிக்கடை நடத்திய தெரு. ஒரு கணக்கு, அதாவது ஒரு தடவை போனால், மூன்று வருடம், அதற்கப்புறம்தான் ஊர். அப்பத்தாவின் மாமனார் அப்படி ஒரு கிட்டங்கியில் சமையலுக்குப் போனவர். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கியவர். எந்தக் கட்டிடம் என்று அப்பத்தாவுக்குத் தெரியாது, கேட்டுச் சொல்ல ஆளும் இல்லை. கடைகளின் முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடைபாதை நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தோம். இருப்பதிலேயே பழசாகத் தெரிந்த ஒரு வீட்டைப் படம் எடுத்து, இதுதான் என்று அனுப்பிவிட்டேன். பொய்தான். "வாசலு நல்லா அகலமா இருக்கு" என்று பதில் வந்தது.

ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்குத் திருச்சி விமான நிலைய வாசலில், புதுக்கோட்டை ரோட்டில் நின்றோம். மூன்று பஸ் நிற்காமல் போனது. நாலாவது நின்றது. ஏறும்போதே கேட்டேன், காரைக்குடி போகும் என்றார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, மடியில் இருந்த பையில் தொங்கிய விமானக் கம்பெனி டேக்கைப் பார்த்தார் கண்டக்டர்.

"எந்த ஊர்லேர்ந்து தம்பி?"

"கோலாலம்பூர்ண்ணே."

"எத்தனை வருசம் கழிச்சு வர்றீக?"

"முந்தாநாள் போனோம்ணே."

அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை பையைப் பார்த்தார். மீதிச் சில்லறை ஏழு ரூபாயைக் கையில் வைத்துவிட்டு, பின் சீட்டுக்குப் போய்விட்டார்.