பேதுரு தவறவிட்ட இரண்டு மணி நேரம்

இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பேதுரு எப்போது விழுந்தான் என்று கேட்டால் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகூட, "சேவல் கூவுறதுக்கு முன்னாடி" என்று சொல்லிவிடும். நான்கு சுவிசேஷங்களையும் அருகருகே விரித்து வைத்து அந்த ராத்திரியை வாசித்துப் பாருங்கள். வேலைக்காரி வாய் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே அவன் சரிய ஆரம்பித்துவிட்டது தெரியும்.

முதல் சறுக்கல் ஒரு நல்ல தீர்மானம். "உமதுநிமித்தம் எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்" (மத்தேயு 26:33). அவன் பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னான். கன்வென்ஷன் பந்தலில் கடைசி நாள் கை தூக்குகிறவர்களும், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் முழங்காலில் நிற்கிறவர்களும் மனதாரத்தான் சொல்கிறார்கள். அந்த வாக்கியத்துக்குள் "எல்லாரும்" என்று ஒரு ஒப்பீடும் "ஒருக்காலும்" என்று ஒரு காலமும் இருக்கின்றன. உதவி கேட்கும் ஒரு சொல்கூட இல்லை.

அதே ராத்திரி ஆண்டவர் அவனிடம் சொன்ன வார்த்தையில் ஒரு நுணுக்கத்தைத் தமிழ் வேதாகமம் தெளிவாகக் காட்டுகிறது. சாத்தான் "உங்களை" சுளகினால் புடைக்க உத்தரவு கேட்டான். நானோ "உனக்காக" வேண்டிக்கொண்டேன் (லூக்கா 22:31-32). புடைக்கப்படப்போவது பதினொரு பேர்; ஜெபம் பெயர் சொல்லி ஒருவனுக்கு. திருநெல்வேலிப் பக்கத்தில் சுளகு பிடித்துப் புடைத்தவர்களுக்குத் தெரியும்: தட்டத் தட்டப் பதர் பறக்கும், மணி உள்ளேயே கிடக்கும். அவன் விழமாட்டான் என்று ஆண்டவர் சொல்லவில்லை. விசுவாசம் ஒழிந்துபோகக்கூடாது என்றுதான் வேண்டினார். "நீ குணப்பட்டபின்பு" என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறார்.

பிறகு கெத்செமனே தோட்டம். பஸ்கா சாப்பாடு முடிந்து, பாட்டுப் பாடி, கெதரோன் ஆற்றைத் தாண்டி நடந்து வந்திருக்கிறார்கள். வயிறு நிறைந்திருக்கிறது, மனம் பாரமாயிருக்கிறது. அவர்கள் துக்கத்தினாலே தூங்கினார்கள் என்கிறார் லூக்கா (22:45). துக்கம் உடம்பை எப்படி அடித்துப்போடும் என்று தெரிந்தவர் எழுதின வரி இது. "ஒரு மணி நேரம் நீ விழித்திருக்கக்கூடாதா?" என்ற கேள்வி பேதுருவிடமே வருகிறது. ஆவி உற்சாகமுள்ளது, மாம்சமோ பலவீனமுள்ளது என்பதை நாம் விழுந்த பிறகு சாக்காகச் சொல்கிறோம். ஆண்டவர் அதை விழும் முன்பே, எச்சரிக்கையாகச் சொன்னார். "விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்ற கட்டளைக்கு அது காரணம்.

ஜெபிக்காமல் எழுந்தவன், ஆண்டவரைப் பிடிக்க வந்தவர்கள்மேல் பட்டயத்தை உருவினான். பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸின் காது போனது. இந்தத் துணிச்சல் பின்னால் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்: பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில், "நீயும் அவனோடிருந்தவன்தானே" என்று மூன்றாவதாகக் கேட்டவன் அந்த மல்குஸின் உறவுக்காரன் (யோவான் 18:26). முன்ராத்திரியின் அவசர வீரம் பின்ராத்திரியில் சாட்சியாக வந்துவிட்டது.

முற்றத்தில் கரிநெருப்பு. எருசலேம் சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை நகரம். அந்தப் பருவத்தில் ராத்திரி குளிரும். அவன் குளிர்காய நின்றதில் பாவம் எதுவும் இல்லை. யாரோடு நின்றான் என்பதுதான் சிக்கல். முதல் மறுதலிப்புக்குப் பின் வாசல் மண்டபம் வரை வந்துவிட்டான் (மாற்கு 14:68). இன்னும் நாலு எட்டு வைத்தால் தெரு. போகவில்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே "ஏறக்குறைய ஒருமணி நேரம்" என்று லூக்கா கணக்குச் சொல்கிறார் (22:59). தோட்டத்தில் தூங்கிக் கழித்தது ஒரு மணி நேரம், முற்றத்தில் குளிர்காய்ந்து கழித்தது இன்னொன்று. "தப்பிக்கொள்ளும்படியான போக்கு" (1 கொரிந்தியர் 10:13) என்று பவுல் எழுதுவது பலநேரம் இப்படிச் சாதாரணமான ஒரு வாசல்தான். சேவல் கூவினதும் அவன் வெளியே போனானே, அதுவரைக்கும் போக முடியாமல் அவனைத் தடுத்தது எது?

ஆகவே, திரும்பத் திரும்ப ஒரே சோதனையில் விழுகிறவர்கள் விழுந்த நிமிஷத்தை ஆராய்வதில் பெரிய பயன் இல்லை. ஒரு சின்ன நோட்டில் இரண்டு வாரம், விழுவதற்கு முந்தின இரண்டு மணி நேரத்தை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம், முந்தின ராத்திரி எவ்வளவு தூங்கினோம், யாரோடு சண்டை, போன் எங்கே இருந்தது, வீட்டில் யார் இல்லை. பெரும்பாலும் ஒரே நேரமும் ஒரே இடமும் திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பிறகு ஜெபத்தை அந்த நேரத்துக்கு நகர்த்துங்கள். சோதனை ராத்திரி 11 மணிக்கு என்றால், விடியற்காலை 5 மணி ஜெபத்தோடு, ராத்திரி 10 மணிக்கு மூன்று நிமிஷம் வேண்டும். போன் சார்ஜர் ஹாலுக்குப் போகவேண்டும். வார்த்தை நீளமாக இருக்கத் தேவையில்லை. தண்ணீரில் அமிழும்போது பேதுரு சொன்னது "ஆண்டவரே, என்னை இரட்சியும்" மட்டும்தான். எழுந்து போகவேண்டிய வாசல் எது என்பதைப் பகலிலேயே முடிவு செய்துவைப்பது நல்லது, ராத்திரியில் யோசிக்க வராது. நம்பகமான ஒரே ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். சாட்சி நேரத்தில் எல்லார் முன்னும் சொல்லத் தேவையில்லை.

இதில் வழக்கமாகக் கெட்டுப்போவது விழுந்த மறுநாள். குற்றவுணர்வில் மூன்று நாள் உபவாசம் என்று பொருத்தனை செய்வார்கள். உடம்பு தளர்ந்திருக்கும்போது அதே சோதனை வரும், மறுபடி விழுவார்கள், பிறகு திருவிருந்துக்கு எழுந்து வராமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். தண்டனையாக எடுக்கும் உபவாசம் பேதுருவின் பழைய வாக்கியத்தையே வேறு விதத்தில் சொல்வதுதான்: நானே சரிக்கட்டிவிடுகிறேன். குடிக்கு அடிமையானவர்களுக்குத் தனியாக ஒன்று. பல வருஷக் குடியை ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, உயிராபத்துகூட வரலாம். ஜெபித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள், அதில் அவிசுவாசம் ஒன்றுமில்லை.

மாம்சத்தில் குத்தின முள் எடுபடவேண்டும் என்று பவுலும் மூன்று தரம் கேட்டார், எடுபடவில்லை. வந்த பதில் "பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" (2 கொரிந்தியர் 12:9). பலவீனம் நீங்கின பிறகு என்று அதில் இல்லை. "பலவீனத்திலே" என்றுதான் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று அந்த முற்றம். மற்றது யோவான் 21:9, திபேரியா கடற்கரை விடியற்காலை. தணலின்மேல் மீன், பக்கத்தில் அப்பம். ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் அகப்படாமல் களைத்தவர்கள் அவர்கள். மறுதலிப்பைப் பற்றி, உயிர்த்தெழுந்த ஆண்டவர் எடுத்தவுடன் பேசவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் முதல் கேள்வி வருகிறது, "இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று, அந்தப் பழைய ஒப்பீட்டோடு. பேதுரு இந்தத் தடவை அதைத் தொடவில்லை. "உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர்" என்றான்.